கியர் லைசென்ஸா, கியர் இல்லாத லைசென்ஸா?

வாசகியின் கேள்வி: எனக்கு 41 வயது. மணப்பாறைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். என் பெயரில் வாங்கிய டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வண்டியை ஆறு வருடமாக ஓட்டுகிறேன். லைசென்ஸ் கிடையாது. பால் சொசைட்டிக்குப் போவது, சந்தைக்குப் போவது, மாமனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது எல்லாம் அதில்தான். இப்போது போலீஸ் செக்கிங் அதிகமாகிவிட்டதால் லைசென்ஸ் எடுக்கலாம் என்று டிரைவிங் ஸ்கூலில் கேட்டேன். "வித் கியரே எடுத்துருங்கக்கா, ஸ்கூட்டர்ல எட்டு போட்டாப் போதும், மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்கிறார். எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் கணவரின் ஸ்பிளெண்டர் வீட்டில் சும்மாதான் நிற்கிறது. அவர் ஊருக்கு வந்ததும் புல்லட் 350 வாங்க வேண்டும் என்கிறார். சிங்கப்பூரில் சிசி கூடினால் லைசென்ஸும் மாறுமாம். இங்கே எப்படி? மகளுக்கு இப்போதுதான் 17 முடிந்தது. ஜூனில் கல்லூரி. லைசென்ஸே வேண்டாத பேட்டரி ஸ்கூட்டர் என்று கடைக்காரர் ஒன்றைக் காட்டுகிறார். வாங்கித் தரலாமா?

ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

கியரா, கியர் இல்லையா என்பதைப் பிறகு பேசுவோம். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எக்ஸ்எல்லை இன்றோடு நிறுத்தி வைத்துவிட்டு எல்எல்ஆருக்கு, அதாவது பழகுநர் உரிமத்துக்கு, விண்ணப்பியுங்கள். ஆறு வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றலாம். நீங்கள் நன்றாகவே ஓட்டுவீர்கள் என்றும் நம்புகிறேன். நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்காக.

நீங்கள் செக்கிங்கை நினைத்துப் பயப்படுகிறீர்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 5,000 ரூபாய். அது வலிக்கும், ஆனால் ஒருநாள் வலியோடு போய்விடும். இன்சூரன்ஸ் விஷயம் அப்படிப் போகாது. வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது. இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். "ஓனர் டிரைவர்" என்று ஒரு வரி இருக்கும். சொந்தக்காரரே ஓட்டிப்போய் விபத்தில் உயிர் போனாலோ, நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 15 லட்சம் ரூபாய் வரை கொடுக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு அது. அந்தப் பணம் கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. சொந்தக்காரரிடம் அந்த வண்டிக்கு உரிய, காலாவதியாகாத லைசென்ஸ் இருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லையென்றால், நீங்கள் வருடா வருடம் கட்டிய பிரீமியம் உங்கள் மகளுக்கு உதவாமல் போகும். அந்த வரியே பாலிசியில் இல்லாமலும் இருக்கலாம். லைசென்ஸ் இல்லாத சொந்தக்காரர்களுக்கு அதைச் சேர்க்காமலே பாலிசி போட்டுவிடுவார்கள். லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஏஜெண்டிடம் சொல்லி அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

சரி, இனி வகைக்கு வருவோம்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இருசக்கர வண்டிகளை லைசென்ஸுக்காக இரண்டாகத்தான் பிரிக்கிறது. ஒன்று கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், இன்னொன்று கியர் உள்ள மோட்டார் சைக்கிள். லைசென்ஸ் அட்டையில் முதலாவது எம்சிடபிள்யூஓஜி என்றும், இரண்டாவது எம்சிடபிள்யூஜி என்றும் அச்சாகியிருக்கும். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம் என்பதால் பலர் தங்கள் அட்டையில் எது இருக்கிறது என்றே கவனிப்பதில்லை. கியர் வண்டியில் தேர்வு எழுதித் தேறியவர் கியர் இல்லாத வண்டிக்கும் தேறியவராகவே கருதப்படுவார் என்று சட்டத்தின் 9ஆவது பிரிவு சொல்கிறது. திருப்பிப் போட்டால் அது பொருந்தாது. கியர் இல்லாத லைசென்ஸை வைத்துக்கொண்டு ஸ்பிளெண்டரை எடுத்தால், சட்டத்தின் பார்வையில் அது அந்த வண்டிக்கு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதுதான். அதே 5,000 ரூபாய் அபராதம். வண்டி உங்கள் கணவர் பெயரில் இருப்பதால், உரிமம் இல்லாதவரை ஓட்ட விட்டதற்காக அவர் மீதும் தனியாக வழக்கு வரலாம். அதற்கும் 5,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. அவர் சிங்கப்பூரில் இருக்கிறார் என்பதால் சொந்தக்காரர் என்ற பொறுப்பு போய்விடாது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊர்ப்பக்கம் இதைத் தப்பாக நம்புகிறவர்கள் நிறையப் பேர். கார் லைசென்ஸ் இருந்தால் ஸ்கூட்டருக்கும் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. கார் தனி, இருசக்கர வண்டி தனி.

புல்லட் பற்றி உங்கள் கணவர் கேட்டதும் சரியான கேள்விதான். சிங்கப்பூரில் 200 சிசி வரை 2பி, 201 முதல் 400 வரை 2ஏ, அதற்கு மேல் 2 என்று மூன்று படிகள் உண்டு. ஒரு படியில் ஒரு வருடமாவது இருந்த பிறகுதான் அடுத்த படிக்குப் போக முடியும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. 97 சிசி ஸ்பிளெண்டருக்கு வாங்கும் அதே கியர் லைசென்ஸ் 349 சிசி புல்லட்டுக்கும் செல்லும், 1340 சிசி ஹயபூசாவுக்கும் செல்லும். இது சரியான ஏற்பாடு என்று நான் நினைக்கவில்லை. பதினெட்டு வயதுப் பையன் நூறு சிசி வண்டியில் எட்டு போட்டுவிட்டு மறுநாளே ஷோரூமில் நானூறு சிசி வண்டியை எடுத்துக்கொண்டு வரலாம். சட்டம் அவனைத் தடுக்காது. சிங்கப்பூர் முறை மாதிரி ஒன்று இங்கேயும் வரவேண்டும் என்பது என் ஆசை. ஆனால் உங்கள் கணவர் விஷயத்தில் இப்போதைய நிலை இதுதான். அவரிடம் கியர் லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால் புல்லட்டுக்கு வேறு எதுவும் எடுக்க வேண்டாம்.

எந்த வண்டி எந்த வகை என்பதில் சிலருக்குக் குழப்பம் வரும். உங்கள் எக்ஸ்எல் கியர் இல்லாத வகை. ஆக்டிவா, ஜூபிடர் போன்ற ஸ்கூட்டர்கள் எல்லாமே கியர் இல்லாதவைதான். ஆனால் ஸ்கூட்டர் என்றாலே கியர் கிடையாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய பஜாஜ் சேட்டக் கையிலேயே திருகி மாற்றும் நான்கு கியர் கொண்டது. அதற்குக் கியர் லைசென்ஸ் வேண்டும். இப்போது அதே பெயரில் வரும் பேட்டரி சேட்டக்குக் கியர் கிடையாது. டிவிஎஸ் ஜைவ் என்று ஒரு வண்டி வந்தது. அதில் கிளட்ச் லீவரே கிடையாது, ஆனால் காலால் கியர் மாற்ற வேண்டும். அது கியர் வண்டிதான். பேட்டரி வண்டி என்றால் கியர் கிடையாது என்பதும் முழுசாகச் சரியில்லை. மேட்டர் ஏரா என்ற பேட்டரி பைக் நான்கு கியருடன் வருகிறது. ஆகவே பெயரையோ உருவத்தையோ, பெட்ரோலா பேட்டரியா என்பதையோ பார்க்காதீர்கள். ஓட்டுபவர் கியரை மாற்ற வேண்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது டிரைவிங் ஸ்கூல்காரர் சொன்னது. இதைத்தான் நீங்கள் ஆற அமர யோசிக்க வேண்டும்.

அவர் சொல்வது மேலோட்டமாகப் பார்த்தால் லாபமாகத் தெரியும். பெரிய வகையை எடுத்தால் சின்னது அதில் அடங்கிவிடும், ஒரே செலவு, ஒரே அலைச்சல். ஆனால் ஸ்கூட்டரில் எட்டு போட்டுக் கியர் லைசென்ஸ் வாங்குவதற்குச் சட்டத்தில் இடமில்லை. எந்த வகைக்கு விண்ணப்பிக்கிறோமோ அந்த வகை வண்டியில்தான் தேர்வு நடக்க வேண்டும். அவர் "பாத்துக்கிறேன்" என்பது, நடக்காத தேர்வை நடந்ததாக ஆக்குவது. அதற்கு அவர் உங்களிடம் தனியாகப் பணமும் கேட்பார்.

பணத்தை விடுங்கள். கியர் வண்டியைச் சட்டம் தனி வகையாக வைத்ததற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில் இருக்கும். இடது கை லீவரைப் பிடித்தால் பின்சக்கரம் நிற்கும். வருடக்கணக்கில் ஓட்டியவருக்கு அது யோசனையே இல்லாமல் வரும். குறுக்கே ஆடு வந்தால் இடது கை தானாக இறுகும். கியர் வண்டியில் அந்த இடத்தில் இருப்பது கிளட்ச். பின் பிரேக் வலது காலுக்குக் கீழே. ஸ்கூட்டர் பழக்கத்தில் ஒருவர் பைக்கில் ஏறி, திடீரென்று ஏதாவது குறுக்கே வந்தால், அவர் இடது கையை இறுக்குவார். வண்டி நிற்காது. எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டு இன்னும் லேசாக ஓடும். சரிவான இடமாக இருந்தால் வேகமே கூடிவிடும். பயத்தில் இன்னும் இறுக்குவார், பயன் இருக்காது. காலால் மிதிக்க வேண்டும் என்று நினைவு வருவதற்குள் மோதல் முடிந்திருக்கும்.

தேர்வு மைதானத்தில் இதைப் பல வருடங்களாகப் பார்த்தவன் நான். வண்டி ஓட்டத் தெரியாதவர்களைவிட, ஸ்கூட்டர் நன்றாக ஓட்டத் தெரிந்து பைக்கை முதன்முதலாக எடுத்தவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். புதிதாகக் கற்றவருக்குத் தப்பான பழக்கம் எதுவும் கிடையாது. இவர்கள் கைக்கு ஏற்கெனவே ஒரு பாடம் தெரியும், அது இந்த வண்டிக்குத் தப்பான பாடம். மைதானத்தில் அது மண்தரை, பக்கத்தில் ஆள் நிற்பார், விழுந்தால் முட்டி சிராய்க்கும். திருச்சி–திண்டுக்கல் நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. உங்கள் டிரைவிங் ஸ்கூல்காரர் தவிர்த்துத் தருகிறேன் என்று சொல்வது இந்த ஒரு சோதனையைத்தான்.

நீதிமன்றமும் இதைத்தான் பார்க்கிறது. 2004இல் நேஷனல் இன்சூரன்ஸ் – ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு வகை லைசென்ஸ் வைத்திருந்தவர் வேறு வகை வண்டியை ஓட்டி விபத்து நடந்தால் என்ன செய்வது என்று விரிவாகவே பேசியது. கியர் இல்லாத மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் வைத்திருப்பவரை அந்தத் தீர்ப்பு உதாரணமாகவே குறிப்பிடுகிறது. அந்த வண்டிக்கு உரிய லைசென்ஸ் இல்லாததுதான் விபத்துக்குக் காரணமா, அல்லது அதில் ஒரு பங்கா என்று ஒவ்வொரு வழக்கிலும் சாட்சியம் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். வண்டியில் பழுது போன்ற வேறு காரணத்தால் மட்டுமே விபத்து நடந்திருந்தால், லைசென்ஸ் வகை மாறியதைச் சாக்காக வைத்து இன்சூரன்ஸ் கம்பெனி தப்பிக்க முடியாது. ஆனால் பிரேக் என்று நினைத்துக் கிளட்சைப் பிடித்ததால் நடந்த விபத்தில் யாரும் அப்படி வாதாட முடியாது. பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிட்டு, அதை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலிக்க உத்தரவான வழக்குகள் நிறைய உண்டு. அப்படி வந்தால் வீடு, நிலம் வரை தொடும்.

அட்டையில் கியர் என்று அச்சடித்திருந்தால் சட்டப்படி தப்பித்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். காகிதத்தில் தப்பிக்கலாம். ஆனால் அந்த அட்டை வீட்டில் இருக்கும்வரை, என்றாவது ஒருநாள் எக்ஸ்எல் பஞ்சராகி, மாமனாருக்கு மூச்சுத் திணறி, "லைசென்ஸ்தான் இருக்கே" என்று நீங்கள் ஸ்பிளெண்டரை எடுப்பீர்கள். அந்த நாளை நினைத்துத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஆகவே உங்களுக்கு என் ஆலோசனை: இப்போது கியர் இல்லாத வகையை எடுங்கள். நீங்கள் தினமும் ஓட்டுவது அதைத்தான். தேர்வும் உங்கள் சொந்த எக்ஸ்எல்லிலேயே கொடுக்கலாம். இரண்டு மாதத்துக்குள் வேலை முடியும். அதற்கப்புறம் ஸ்பிளெண்டரைக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால், அவசரமில்லாமல் அந்த வகைக்கு எல்எல்ஆர் எடுத்து, கற்று, அதே லைசென்ஸில் சேர்த்துக்கொள்ளலாம். மத்திய விதிப்படி எல்எல்ஆருக்கு ஒரு வகைக்கு 150 ரூபாய், ஓட்டுநர் தேர்வுக்கு 300, வகை சேர்க்க 500. மாநிலத்தின் சேவைக் கட்டணம் தனி. ஆக, இரண்டு தடவையாக எடுப்பதால் உங்களுக்குக் கூடுதல் செலவு சுமார் ஆயிரம் ரூபாய். இந்தத் தொகையை மிச்சம் பிடிக்க ஓட்டத் தெரியாத வண்டிக்கு லைசென்ஸ் வாங்க வேண்டாம்.

41 வயதில் கியர் கற்க முடியுமா என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. தாராளமாக முடியும். ஐம்பதைத் தாண்டியவர்கள் கற்றுக்கொண்டு வந்து நல்லபடியாகத் தேறியிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு, அவசரப்பட மாட்டார்கள். உங்கள் வீட்டில் ஒரு கியர் வண்டி நிற்கிறது, ஆண்கள் யாரும் பக்கத்தில் இல்லை. அதைக் கற்றுவைப்பது உங்களுக்குப் பெரிய பலம் என்றே சொல்வேன். நான் வேண்டாம் என்றது கற்காமல் வாங்குவதை மட்டும்தான்.

எல்எல்ஆர் எடுக்கும் வழி எளிது. சாரதி இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் பக்கத்து இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். 40 வயதைத் தாண்டியவர் என்பதால் டாக்டரிடம் படிவம் 1ஏவில் மருத்துவச் சான்று வாங்க வேண்டும். கண் பார்வையைச் சரியாகப் பார்த்துச் சொல்லும் டாக்டராகப் பாருங்கள். கண்ணாடி தேவையென்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. சாலைக் குறியீடு, விதிமுறை பற்றிய கேள்விகளுக்கு 60 சதவீதம் சரியாகப் பதில் சொன்னால் எல்எல்ஆர் வந்துவிடும். அது ஆறு மாதம் செல்லும். ஆனால் 30 நாள் முடிந்த பிறகுதான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும்.

எல்எல்ஆர் வந்ததும் பழையபடி எக்ஸ்எல்லை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அது கற்றுக்கொள்வதற்கான அனுமதி. முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு எல் போர்டு வேண்டும். லைசென்ஸ் உள்ள ஒருவர் கற்றுத்தரக் கூட வருவதைத் தவிர, வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. அதாவது அந்த ஒன்றிரண்டு மாதம் மாமனாரை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவிலோ பஸ்ஸிலோதான் கூட்டிப்போக வேண்டும். சிரமம்தான், ஆனால் அவரை ஏற்றிக்கொண்டு போகும்போது ஏதாவது ஆனால் அவருக்கும் இழப்பீடு சிக்கலாகிவிடும்.

எட்டு போடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் அதற்குப் பயந்துதான் பாதிப் பேர் புரோக்கரிடம் போகிறார்கள். எட்டில் கால் ஊன்றக் கூடாது, கோட்டைவிட்டு வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். விழுபவர்கள் எல்லோரும் முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டுபவர்கள். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். வளைவு தொடங்கும்போதே வளைவின் மறுமுனையைப் பார்த்துவிடுங்கள். எக்ஸ்எல்லில் ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, வேகம் குறைக்க வேண்டுமானால் பின் பிரேக்கை மட்டும் மெதுவாகத் தொடுங்கள். வளைவில் முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி உள்பக்கம் சாயும். காலியிடத்தில் ஒரு வாரம் தினமும் காலையில் பழகினால் போதும். அன்றைக்கே வரவில்லை என்றாலும் பரவாயில்லை. ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும். ஹெல்மெட் போட்டுக்கொண்டே பழகுங்கள், தேர்வுக்கும் அதோடே போங்கள். வண்டியின் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் நடப்பில் இருக்க வேண்டும். ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்வார்களே, அந்த ஆய்வாளர் முதலில் கேட்பது இதைத்தான்.

இனி மகள். இந்த இடத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது.

16 வயதில் லைசென்ஸ் எடுக்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சட்டத்தில் அது இருக்கிறது, ஆனால் 50 சிசிக்கு மிகாத வண்டிக்கு மட்டும், பெற்றோர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால். அந்தக் காலத்து டிவிஎஸ் 50க்குப் பொருந்திய விதி அது. உங்கள் எக்ஸ்எல் 100 அதைப் போல இரண்டு மடங்கு சிசி. கடையில் இன்று கிடைக்கும் சாதாரண ஸ்கூட்டர்கள் 110, 125 சிசி. ஆகவே உங்கள் மகளுக்கு 18 முடியும்வரை பெட்ரோல் வண்டி எதற்கும் வழியில்லை.

அவள் ஒருநாள், பக்கத்துத் தெருவரைக்கும் தானே என்று எக்ஸ்எல்லை எடுத்துப் போய் மாட்டிக்கொண்டால், 2019இல் சேர்த்த 199ஏ பிரிவின் கீழ் பொறுப்பு உங்களுடையது. தாய் என்ற முறையிலும், வண்டிச் சொந்தக்காரர் என்ற முறையிலும். மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அதைவிட அவளுக்குப் பெரிய தண்டனை, 25 வயது ஆகும்வரை அவளுக்கு எல்எல்ஆர்கூடக் கிடைக்காது. கல்லூரி, முதல் வேலை, எல்லாவற்றையும் லைசென்ஸ் இல்லாமல் கடக்க வேண்டியிருக்கும். சாவியை இப்போதே வேறு இடத்தில் வையுங்கள்.

கடைக்காரர் காட்டும் பேட்டரி ஸ்கூட்டர் விஷயம் பாதி உண்மை. மோட்டார் சக்தி 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமல் இருந்தால், அது மோட்டார் வாகனம் என்ற கணக்கில் வராது. பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். ஆனால் இந்தப் பெயரில் விற்கும் பல வண்டிகளில் வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு 40, 45இல் ஓட விடுகிறார்கள். அப்படி மாற்றிய நிமிடமே அது பதிவு செய்யாத மோட்டார் வாகனம். ஓட்டும் உங்கள் மகள் லைசென்ஸ் இல்லாத சிறுமி. கடைக்காரரிடம் அங்கீகாரச் சான்றின் நகலை எழுத்தில் கேளுங்கள். ஓட்டிப் பார்த்து வேகத்தைப் பாருங்கள். "கொஞ்சம் செட்டிங் மாத்தித் தரேன்" என்று சொன்னால் அந்தக் கடையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பச்சை நம்பர் பிளேட் மாட்டி வரும் பேட்டரி ஸ்கூட்டர் எதுவாக இருந்தாலும் லைசென்ஸ் கட்டாயம் வேண்டும். அதற்குக் கியர் இல்லாத வகை போதும்.

சான்று சரியாக இருக்கும் வண்டி என்றாலும் என் விருப்பம், அவளுக்கு வேண்டாம். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை நெடுஞ்சாலை ஓரத்தில் ஓட்டுவது, வேகமாகப் போவதைப் போலவே ஆபத்து. அதற்குக் கொடுக்கும் காசை வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்கு முதல் வருடம் பஸ் போதும். சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை.

18 முடிந்ததும் அவளை நேராகக் கியர் வகைக்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒன்று, மகளுக்கு வேறொன்றா என்று கேட்காதீர்கள். அவள் கைக்கு இன்னும் ஸ்கூட்டர் பழக்கம் ஏறவில்லை. கிளட்சையும் கால் பிரேக்கையும் முதலிலேயே கற்றுக்கொண்டால் ஸ்கூட்டரைப் பின்னால் ஒரு நாளில் பழகிவிடலாம். 30 வயதுக்குள் எடுக்கும் லைசென்ஸ் 40 வயதுவரை செல்லும். இருபது வருடத்துக்கு மேல் கையில் இருக்கப்போகும் அட்டை. அதற்குள் அவள் எந்த ஊரில், எந்த வண்டியில் இருப்பாளோ தெரியாது. பெண் பிள்ளைக்கு ஸ்கூட்டி லைசென்ஸ் போதும் என்று சொல்லிக் கியர் இல்லாத வகையில் நிறுத்திவிடும் அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி வேண்டாம். கற்றுக்கொள்ள ஸ்பிளெண்டரே இருக்கிறது. அதைவிடப் பொறுமையான வண்டி கிடைக்காது. நீங்கள் கியர் கற்க முடிவு செய்தால், இரண்டு பேரும் சேர்ந்தே கற்கலாம். லைசென்ஸ் உள்ள உறவினர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் கணவரின் லைசென்ஸ். அவர் அதை இளவயதில் எடுத்திருந்தால் பழைய விதிப்படி 20 வருடம் அல்லது 50 வயது, எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் அது செல்லும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பலர் இந்தத் தேதியை மறந்துவிடுகிறார்கள். காலாவதியான பிறகும் 30 நாள் செல்லும் என்று முன்பு இருந்த சலுகை 2019 திருத்தத்தில் போய்விட்டது. முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் புல்லட்டை வாங்கி வைத்துக்கொண்டு அவரும் மறுபடி தேர்வுக்குப் போக வேண்டியிருக்கும். அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லித் தேதியைப் பாருங்கள். அடுத்த லீவுக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் முடிகிறது என்றால், அந்த லீவிலேயே புதுப்பித்துவிட்டுப் போகட்டும்.